நோகாத இடது கை

என் இடது உள்ளங்கையில், சுட்டுவிரலின் அடியில், ஒரு தடிப்பு இருக்கிறது. தோட்டம் கொத்தி வந்ததல்ல, தேங்காய் துருவி வந்ததுமல்ல. என் மனுஷன் எறிந்த பந்துகளைப் பிடித்துப் பிடித்து வந்தது. இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். பாவம் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. வேறு வீடுகளில் மனுஷிமார் பின்னேரம் நாடகம் பார்ப்பார்கள், நான் பின்வளவில் குந்தியிருந்து பந்து பிடிப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சிட்னிக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்களின் சனிக்கிழமைக் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவர். முழங்கையை மடிக்கிறார், வீசவில்லை, எறிகிறார் என்று ஒவ்வொரு போட்டியிலும் அம்பயர் கையை நீட்டினார். கடைசியில் அவரைப் பந்து போட வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை யாரோடும் பேசவில்லை. அப்போது அவருக்குச் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மதிய இடைவேளையில் வெள்ளைக்காரர் சிலர் வாகனத் தரிப்பிடத்தில் பேஸ்போல் பந்தை ஆளுக்காள் எறிந்து விளையாடுவார்களாம். ஒருநாள் இவர் கைக்குப் பந்து வந்தது, இவரும் எறிந்தார். எறிவதைப் பிழை என்று சொல்லாமல், எறிவதற்கென்றே ஒருவரை நடு மேட்டில் நிறுத்தி வைக்கிற விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்று வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கலியாணத்தன்றுகூட அப்படி இருக்கவில்லை.

மேட்டில் நின்று எறிபவரைப் பிட்சர் என்பார்கள். எதிரே குந்தியிருந்து பிடிப்பவர் கட்சர். எங்கள் பக்கத்துச் சின்னக் கிளப்பின் முதல் அணிக்கு அவர்தான் பிட்சர், வருடக்கணக்காக. வீட்டில் கட்சர் நான். சீசன் குளிர்காலத்தில்தான் தொடங்கும், ஆனால் அவருடைய கை இங்கே மார்கழி, தையில் வருகிற கோடையிலேயே துடிக்கத் தொடங்கிவிடும். வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, வெயில் தணிந்ததும் பென்டில் ஹில் வீட்டின் பின்வளவில் நிற்போம். ஒவ்வொரு பந்தும் கிளவுஸில் விழுந்ததும் கேட்பார்.

"நொந்ததோ?"

"ஓம்" என்பேன். நொந்தது உண்மைதான். தோல் கிளவுஸுக்குள் கை நெருப்பாய் எரியும். எல்லாம் முடிந்ததும் ஃபிரீசரில் இருந்து பட்டாணிப் பையை எடுத்து வந்து, படியில் என் பக்கத்தில் இருந்து, என் கையை விரித்து அதன்மேல் வைப்பார். அந்தப் பை அதற்கென்றே வைத்திருந்தது. கறிக்கு எடுத்தால் கோபிப்பார். கல்லுப்போல் ஆகிவிட்ட பட்டாணிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் கேலி செய்வேன். என் கை எவ்வளவுக்குச் சிவந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அவருக்குச் சந்தோஷம், அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரிய பாடுபடுவார்.

போன வருடம் சீசன் முடிகிற நேரம் அவருக்கு நெஞ்சடைத்தது. காலையில், குசினியில், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர் அப்படியே கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். சொல்லப்போனால் அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

நான் அழவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்தார்கள், செபமாலை சொன்னார்கள், அன்ரிமார் என் தோளில் சாய்ந்து அழுதார்கள். அவர்களுக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு தைரியமான பொம்பிளை என்று ஒருவர் என் காதில் விழவே சொன்னார். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்கப் போனால் விறைப்பு ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு கன்னம் இருக்கிற மாதிரி நான் முழுதாக இருந்தேன். கன்னம் இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, ஆனால் அது என்னுடையது இல்லை. வேலைக்குப் போனேன், ரயிலில் வந்தேன், உப்புக் குறைத்துச் சமைத்தேன், அவருடைய மருந்துக் குளிசைகளை எடுத்து வைத்தேன். அவர் குணமாகிக் கிளப் நண்பர்களோடு சிரித்துப் பேசிய நாளிலும் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, தெரிந்ததோடு சரி.

மார்கழியில் எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ் ஆட்கள் நத்தாருக்கு ஒளிவிழா வைத்தார்கள். அங்கே நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு ஒருவரை நிறுத்து என்று முகத்துக்கு நேரே சொல்ல வராது. பொன்னாடை போர்த்திவிடுவார்கள். சங்கத் தலைவரை மாற்ற வேண்டுமா, பொன்னாடை. சுருதி விட்டுப் பாடுகிற அங்கிளைப் பாடற்குழுவிலிருந்து எடுக்க வேண்டுமா, பொன்னாடை, கூடவே ஒரு கேடயம். போர்த்தப்பட்டவர் அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து கைதட்டுவார். அதுதான் முறை, எல்லோருக்கும் தெரியும்.

பங்கில் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்கிற ஒரு அன்ரி இருக்கிறார். நல்ல மனுஷி. நெஞ்சு வருத்தம் வந்த மனுஷன் திரும்பவும் விளையாடப் போகிறாராம் என்று கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்பாடு செய்துவிட்டார். மேடைக்குக் கூப்பிட்டார்கள். கூடைப்பந்து விளையாட்டில் தமிழர் பெருமையை நிலைநாட்டி இவ்வருடத்தோடு ஓய்வு பெறுகிறார் என்று அறிவிப்பாளர் வாசித்தார். கூடைப்பந்து என்றுதான் வாசித்தார். சபை கைதட்டியது. சரிகை போட்ட பச்சைப் பொன்னாடையோடு அவர் மேடையில் நின்று என்னைத் தேடிப் பார்த்தார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டார். "ஆர் ஓய்வு பெறுறது?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் நம்பினார். அடுத்த நாளே பொன்னாடையைப் பின்வளவில் துணி காயப்போடும் கம்பியில் நாலு கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். நான் தவறவிடுகிற பந்து தகர வேலியில் பட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடாமல் இருக்க முன்பு பழைய போர்வை ஒன்றைக் கட்டுவோம். இனிமேல் அதற்குப் பொன்னாடையாம். அந்தச் சேட்டை எப்போதும் போல எனக்குச் சிரிப்பை வரவைத்திருக்க வேண்டும். நான் கிளிப் சரியாகப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தேன்.

தை மாதத்தில் டொக்டர் மெல்ல மெல்ல எறியலாம் என்று சொல்லிவிட்டார். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, கைதான் எவ்வளவுக்கு வரும் என்று பார்க்க வேண்டும். அதே கிழமை கிளப்பின் கோச்சும் கதைத்தார். வயதான பிட்சரை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் மனமில்லை, வெள்ளைக்காரர் என்றாலும் இந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள்போலத்தான். உன் கை உனக்குத் தெரியும், முதல் அணிக்குப் பெயர் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை நீயே சொல்லு, நீ முடியும் என்றால் மேடு உன்னுடையது, இல்லையென்றால் வேறு ஆளைத் தேட எனக்கு நேரம் வேண்டும் என்றாராம். இவருக்கு அந்த மேட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது? தொழிற்சாலையை மூடிய பிறகு கிடைத்த வேலை பெட்டி தூக்குகிற வேலை. அதில் இவர் பெயரைக் கூட யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. மேட்டில் நிற்கிறபோது மட்டும் எல்லோரும் இவர் எறியும்வரை காத்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் செய்கிற வேலை அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பிஸ்கட் கம்பனியில் அடுத்த காலாண்டுக்கு எந்த பிஸ்கட் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் என் வேலை. அதை வைத்துத்தான் மாவு வாங்குவார்கள், ஆட்களைப் போடுவார்கள். வருடக்கணக்காக இதைச் செய்கிறேன், அவர் ஒருநாளும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீர் பிஸ்கட்டுக்குச் சொல்லுறீர்தானே. எனக்குச் சொல்லும். வாற சீசன் நான் எப்பிடி எறிவன்?"

நீங்கள் பிஸ்கட் இல்லை என்றேன். அவர் விடவில்லை. போன வருடம் என் நல்ல வருடம், நெஞ்சு வருத்தம் வரும்வரைக்கும் என் பந்தை ஒருத்தரும் ஒழுங்காக அடிக்கவில்லை, அதை வைத்துக் கணக்குப் பாரும் என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் ஒரு நல்ல வருடத்தை நம்பி ஏமாறுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் கம்பனியில் ஒரு நத்தாருக்கு இஞ்சி பிஸ்கட் பிய்த்துக்கொண்டு போனது. விற்பனைப் பகுதிக்காரர் அடுத்த நத்தாருக்கு அதைவிடக் கூடப் போகும் என்று துள்ளினார்கள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பங்குனி மாதம் வரை வேலைக்காரருக்கு இலவசமாக இஞ்சி பிஸ்கட் கொடுத்தார்கள். எதிர்பாராமல் மேலே போன ஒன்று அடுத்த தரம் தன் வழக்கமான இடத்துக்குத்தான் இறங்கிவரும். அந்த வழக்கமான இடமும் வயதோடு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கீழே போகும். ஐம்பதைத் தாண்டிய ஒரு தோளுக்கு, அதற்குமேல் நெஞ்சைத் தணிக்கிற குளிசையும் போடுகிறவருக்கு, கணக்கு என்ன சொல்லும் என்று அறிய எனக்குக் கணினி தேவையில்லை.

இதை அவருக்குச் சொன்னேன். இஞ்சி பிஸ்கட் கதைக்குச் சிரித்தார். பிறகு, அது பொதுக் கணக்கு, எல்லாத் தோளுக்கும் உள்ளது, என் தோளுக்கு என்ன என்று உமக்குத்தான் தெரியும், நீர்தான் பிடிக்கிறீர் என்றார்.

"மற்ற ஆக்கள் என்ர முகம் கோணக் கூடாதெண்டு சொல்லுவினம். நீர் சொன்னால் நான் கேப்பன்."

அப்படித்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மெல்போர்னில், மல்கிரேவில் வேலை செய்கிற எங்கள் மகள் போனில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். அப்பாவை நிறுத்துவது உங்கள் பொறுப்பு, நீங்கள் முடியாது என்று சொன்னால் முடிந்துவிடும், ஏன் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்வதும் ஆளை நிறுத்துவதும் இரண்டு வேலை, நான் கேட்டதற்குத்தான் பதில் சொல்வேன் என்றேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை.

பின்வளவில் தொடங்கினோம். முதல் கிழமை மெல்ல எறிந்தார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒருநாள், இனி முழு வேகம் என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, முந்தைய வருடங்களைப் போலவே எறிந்தார். பந்து கிளவுஸில் விழுந்தது. சத்தம் வந்தது.

"நொந்ததோ?"

பழக்கத்தில் ஓம் என்றுவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போனார். நான் கிளவுஸுக்குள் விரல்களை அசைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்ததும் ஒன்றுமில்லை. அன்று பட்டாணிப் பையை அவர் வைத்தபோது கை குளிர்ந்தது, எரிவு இல்லாத கை சும்மா குளிர்ந்தது.

அவருடைய கையைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மாதக்கணக்காக எனக்கு எதுவும் நோகவில்லையே. அடுப்பில் விரல் பட்டபோதும் பார்த்துக்கொண்டு நின்றேன், கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. கால் கட்டிலில் இடித்து நகம் கறுத்தது, எப்போது என்று தெரியாது. அப்படி இருக்கிறவளின் கையை வைத்து ஒரு மனுஷனுடைய அடுத்த சீசனைச் சொல்வது எப்படி? தராசு பழுதென்றால் நிறையைக் குறை சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பின்னேரமும் அவர் நொந்ததோ என்று கேட்டார், நான் ஓம் என்றேன். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கிளப்புக்குப் போட ஒரு சோடி புதுச் சப்பாத்து வாங்கினார்.

பெயர் கொடுக்கிற ஞாயிறுக்கு முந்தைய கிழமை, கிளப்பின் கட்சர் வீட்டுக்கு வந்தார். தச்சு வேலை செய்கிற மனுஷன், பெரிய உடம்பு, மெல்லிய குரல். போன வருடத்திலிருந்து தன் காரிலேயே கிடந்த என் மனுஷனுடைய பையைக் கொடுக்க வந்திருந்தார். இவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். பின்வளவில் தொங்குகிற பொன்னாடையைப் பார்த்து, அழகான துணி, ஏன் இங்கே என்று கேட்டார். கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு படியில் கிடந்த கிளவுஸைக் காட்டி, நீங்கள்தான் பிடிக்கிறீர்கள் என்று அவர் பெருமையாகச் சொல்வார், நான் இரண்டு எறிந்து பார்க்கட்டுமா என்றார்.

நான் குந்தினேன். ஒரு பொம்பிளைக்கு எறிகிற மாதிரி மெல்ல எறிந்தார். ஒழுங்காக எறியுங்கள் என்றேன். இரண்டாவதைக் கொஞ்சம் கூட்டினார். நான் திரும்பவும் சொன்னேன். மூன்றாவதை எறிந்தார்.

ஐயோ என்று கத்திவிட்டேன். கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையை உதறினேன். உள்ளங்கை சிவந்து, தடிப்பு இருக்கிற இடம் துடித்தது. பாவம், மனுஷன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றார். எனக்கோ ஒரு கணம் நல்ல சந்தோஷம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் உடம்பில் ஒன்று எனக்குத் தெரிகிறது, கை செத்துப்போகவில்லை. அவரைத் தேத்தண்ணி குடிக்க வைத்து அனுப்பிவிட்டு, படியில் இருந்து நானே பட்டாணிப் பையை வைத்தேன். வைத்த பிறகுதான் மற்றது விளங்கியது. எறிந்தவர் பிட்சர் இல்லை. முழு வேகமும் இல்லை. என் கையில் பழுதில்லை என்றால் பழுது எங்கே?

இவருடைய கார் சத்தம் கேட்டது. பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் எறிந்தார், நான் பிடித்தேன், எதுவும் நோகவில்லை. இப்போது தெரிந்துகொண்டே ஓம் என்றேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் ரயிலில் வரும்போது நினைப்பேன். வேலையில் எத்தனை பேருடைய முகத்துக்கு நேரே இந்தச் சரக்கு இனி ஓடாது, நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே எனக்குக் குரல் ஒருநாளும் தடுமாறியதில்லை.

சனிக்கிழமை பின்னேரம். அடுத்த நாள் காலை அவர் கோச்சுக்குச் சொல்ல வேண்டும். புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். வெயில் இறங்கியும் காற்று இல்லை, பொன்னாடை அசையாமல் தொங்கியது, அதன் சரிகை ஒரு பக்கம் பிய்ந்து நூலாய்க் கிடந்தது. அன்று அவர் நன்றாகத்தான் எறிந்தார். நான் நீட்டிய இடத்துக்குத்தான் ஒவ்வொரு பந்தும் வந்தது. கடைசிப் பந்து என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்து, தன்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் போட்டு எறிந்தார். எறிந்த பிறகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பந்து கிளவுஸுக்குள் வந்து, தூங்கப்போகிற பூனை மாதிரி இருந்துகொண்டது.

தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"நொந்ததோ?"

நீர் சொன்னால் நான் கேட்பேன் என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஊர் முழுக்க அவரை ஏமாற்றுவதற்குப் பொன்னாடையோடு நிற்கிறது, நானும் அந்த வரிசையில் நிற்கப் போகிறேனா?

"இல்லை" என்றேன். "நோகேல்லை."

அவர் மெல்ல நடந்து வந்து, என் கிளவுஸைக் கழற்றி, கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது, மாவு பிசையப் போகிறவளின் கை மாதிரி. எவ்வளவு நாளாக என்று கேட்டார். தொடக்கத்திலிருந்தே என்றேன். கட்சர் வந்து எறிந்ததையும் சொன்னேன், என் கையில் பிழை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். இடைக்கிடை தலையாட்டினார், கோபிக்கவில்லை. இஞ்சி பிஸ்கட் என்றார். பிறகு உள்ளே போனார்.

நான் போய்ப் படியில் இருந்தேன். கோச்சுக்குப் போன் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வந்தபோது கையில் பட்டாணிப் பை. எறிந்து முடிந்தால் பை எடுக்க வேண்டும், அவ்வளவுதான், கால் தன்பாட்டில் ஃபிரீசருக்குப் போய் வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்து, என் கையை விரித்து, ஒன்றுமே ஆகாத அந்த உள்ளங்கையில் பையை வைத்து, நழுவாமல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. குசினியில் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்த காலையில் வந்திருக்க வேண்டிய அழுகை, ஆஸ்பத்திரியில், செபமாலையில், எல்லா இடத்திலும் வராமல் நின்ற அழுகை. வாயைப் பொத்த ஒரு கைதான் இருந்தது, அதுவும் போதவில்லை. அந்தக் காலையில் இந்த மனுஷன் செத்துப்போயிருக்கக்கூடும் என்பது எனக்கு அந்தப் படியில்தான் விளங்கியது.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தார், திரும்ப என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை மறைக்கிற பாடு அவர் இந்தத் தரம் படவில்லை.

"நோகுதோ?" என்றார். "இப்ப நோகுதோ?"

ஓம் என்று சொன்னால் போதும். ஞாயிறு காலை அவர் பெயர் கொடுப்பார்.

"இல்லை" என்றேன், அழுதுகொண்டே. "கை நோகேல்லை."

அவர் தலையை ஆட்டினார். பையைத் திரும்ப என் கையில் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்.